நாய்க்காரத் துரையின் வண்டியில் அக்கா

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள் ஆறு பேர். முதலில் இதை எழுதி வைத்துவிடுகிறேன். அந்த வண்டியில் தானும் இருந்ததாகப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு ரயில் பெட்டி நிறைந்துவிடும்.

ஸ்டீயரிங்கில் பியதாச பாஸ்; கைவேலைக்காரரைச் சிங்களத்தில் பாஸ் என்பார்கள். அவர் அட்டன் பஸாரில் இரும்பு வேலை, மர வேலை, பைப்பு வேலை எல்லாம் பார்த்தவர். அவர் பக்கத்தில் அப்பா, மடியில் வெற்றிலைத் தட்டு, கக்கத்தில் குடை. பின்னால் ஓரத்தில் அம்மா, நடுவில் அக்கா சிவகாமி, அடுத்து மச்சான் கந்தசாமி. அக்காவின் கழுத்தில் அன்று காலைதான் ஏறிய தாலி. ஆறாவது ஆள் நான். வெளியே படிப்பலகையில் நின்று, கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு கேட். பூட்டியிருந்தது.

அது றொசல்லப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டம். உள்ளே இரண்டு வளைவு ஏறினால் துரை பங்களா, அதற்கு மேலே தேயிலை ஸ்டோர். ஸ்டோருக்குப் பக்கத்தில் மச்சானின் வீடு. அவர் அங்கே டீ மேக்கர். கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்துத் தூளாக்குகிற பொறுப்பு அவருடையது.

கேட்டிலிருந்து பங்களாவைத் தாண்டுகிற வரைக்கும் எங்கள் ஆட்கள் யாரும் வண்டியில் உட்கார்ந்து போகக் கூடாது. இறங்கி நடக்க வேண்டும். குடை இருந்தால் மடக்க வேண்டும், தலைப்பாகை இருந்தால் அவிழ்க்க வேண்டும். இதை யாரும் எந்தப் பலகையிலும் எழுதி மாட்டியிருக்கவில்லை. எழுதாததால் அழிக்கவும் முடியாமல் இருந்தது.

இறங்க மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். இறங்காவிட்டால் மச்சானுக்கு வேலை போகலாம். இறங்கத்தான் வேண்டும் என்றால், தாலியோடு அட்டனுக்குத் திரும்பிவிடுவதாகவும் சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

பாஸ் ஹார்னின் ரப்பரில் கையை வைத்தார்.

அவர் கை அங்கேயே இருக்கட்டும். இந்த வண்டி எங்களுக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

நாய் தின்ற அரிசி

அந்தத் தோட்டத்தில் முன்பு ஒரு துரை இருந்தார். ஏழெட்டு நாய் வளர்த்தார். அதனால் அவருக்குப் பெயர் நாய்க்காரத் துரை. தனக்கு வேண்டிய சாமான்களை வெள்ளைக்காரர் கடையில் வாங்குவார். நாய்களுக்கு வேண்டிய குருணை அரிசியும் கருவாடும் மட்டும் அட்டன் பஸாரில் இருந்த எங்கள் கடையில். மாதா மாதம் சாக்குச் சாக்காகப் போகும். காசு வரும்போது வரும்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள், வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினார்கள். துரைமாரிலும் சிலரைச் சீமைக்கு அனுப்பினார்கள். எங்கள் நாய்க்காரரும் போனார். போகிற அன்று ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார்: நாய்க் கணக்குக்குப் பதிலாக என் பழைய மோட்டார் வண்டியை எடுத்துக்கொள்.

அப்பா போய்ப் பார்த்தார். பங்களாவுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில், கோழி அடைகிற இடத்தில் அது நின்றது. இரண்டு மூன்று வருஷமாக யாரும் தொடவில்லை. மேல்கூரைத் துணியை எலி தின்றுவிட்டது. மூக்கில் இருந்த பெயர்த் தகட்டை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். அதனால் அது என்ன மார்க் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசகர்கள் எழுதிக் கேட்க வேண்டாம்.

இரண்டு மாட்டைப் பூட்டி அதை அட்டனுக்கு இழுத்து வந்தார்கள். பஸார் முழுக்க வாசலுக்கு வந்து சிரித்தது. மோட்டார் வண்டிக்கு வைக்கோல் எவ்வளவு வேண்டும் என்று புடவைக் கடைக்காரர் கேட்டார். அப்பா வீட்டுக்குள் வந்து, முகம் கழுவாமலே சொன்னார்.

"நாய் தின்ன அரிசிக்கு நாய் ஏறுன வண்டி. சரியாப் போச்சு."

பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது அவர் எண்ணம். அதற்குள் அக்கா புளி கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

சாக்குக் கொட்டகை

எங்கள் வீடு கடைக்குப் பின்னால். வீட்டுக்குப் பின்னால் வெறும் சாக்குகள் அடுக்குகிற தகரக் கொட்டகை. சாக்குகளை ஓரம் தள்ளி வண்டியை அங்கே விட்டோம்.

அக்காவுக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்தக் காலத்தில் அது சின்ன வயதில்லை. மூன்று இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மூன்று தடவையும் அவள் வாயைத் திறந்து பேசினாள். அதுதான் குறை. கடைசியாக வந்த மாப்பிள்ளையிடம், உங்கள் கடையில் தராசு தூக்கிப் பிடிப்பது யார், நீங்களா உங்கள் அம்மாவா என்று கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்று கல்லாப்பெட்டிக்கு வந்தவன். அக்கா அந்த ஐந்தும் படிக்கவில்லை. ஆனால் கையில் ஒரு சாமான் கொடுத்தால் அது எப்படிக் கழலும் என்று அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது எப்படி விழுந்து உடையும் என்றுதான் தெரியும்.

கார்த்திகை விளக்கைத் துலக்குகிற மாதிரி, புளியும் சாம்பலும் வைத்து அந்த வண்டியின் பித்தளை விளக்குகளைத் துலக்கினாள். ஒரு பகல் வேலை. மாலையில் கொட்டகைக்குள் இரண்டு சூரியன். அப்பா வந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் இரும்பு வாங்குகிறவன் வந்தபோது, அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார்.

அதன் பிறகு வேலை வளர்ந்தது. இருக்கைக்குள் இருந்த குதிரைமயிரில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதை அள்ளிக் கொட்டிவிட்டு, கல்யாணத்துக்கென்று அம்மா சேர்த்து வைத்திருந்த தலையணைப் பஞ்சை அடைத்தாள். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அடிப்பலகை உளுத்துப்போயிருந்தது. பியதாச பாஸ் தேயிலைப் பெட்டிப் பலகையை வெட்டிப் போட்டார். கொழுந்து எடுக்கிற பெண்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கு இருக்கிறதே, அந்தத் துணியில் ஒரு சுருள் வாங்கி, மெழுகு தேய்த்து, கைமெஷினில் கூரை தைத்தாள். ஊசி முறிந்துகொண்டே இருந்தது. கடை வியாபாரத்தில் கிடைத்தது ஊசிக்கே போய்விடும் என்று நான் புலம்பினேன்.

ஹார்ன் ஒரு பித்தளைப் பாம்பு. அதன் ரப்பர் உருண்டை பொடியாகிப் போயிருந்தது. பந்துக்குள் வைத்து ஊதுகிற ரப்பர்ப் பையை வெட்டி பாஸ் ஒட்டினார். அமுக்கியதும் கொஞ்சம் சளி பிடித்த குரலில் கத்தியது. ஆனால் அதே குரல்தான். தெருவில் போய்க்கொண்டிருந்த அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர், சத்தம் கேட்டதும் தலைத்துணியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றுவிட்டார். வண்டி கொட்டகைக்குள், ஆள் தெருவில். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

கை பிரேக் மட்டும் சரிவரவில்லை. ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி அது. அதன் பல் தேய்ந்துவிட்டது. இழுத்தால் நிற்கும், விட்டால் தானாகக் கழன்றுவிடும். யாராவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டியைக் கிளப்ப பாஸ் முன்னால் போய்க் கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் பிரேக்கை அக்காதான் பிடித்துக்கொண்டிருப்பாள். கொட்டகை வாசல் சரிவு. ஒரு தடவைகூட அவள் கை நழுவியதில்லை.

ஸ்டோர் சூட்டில் ஒரு பெட்டி

எல்லாம் செய்தும் வண்டி கிளம்பவில்லை. பாஸ் சுற்றினார், நான் சுற்றினேன், அப்பாகூட ஒருநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சுற்றினார். இருமல்கூட வரவில்லை.

குற்றவாளி மேக்னெட்டோ என்றார் பாஸ். தீப்பொறி கொடுக்கிற பெட்டி அது. வருஷக்கணக்கில் பனி குடித்து உள்ளே ஈரம் ஊறிவிட்டது. நெருப்பில் காட்டினால் கருகிவிடும். அட்டன் வெயிலில் வைத்தால், வெயில் எங்கே இருக்கிறது? ஒரே அளவான சூடு, புகை இல்லாமல், ஒருநாள் முழுக்க வேண்டும். இங்கே ஆகாது நங்கி, தங்கச்சி, என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது கடையில் சம்பளக் கணக்குத் தீர்க்க வந்து நின்றவர்தான் கந்தசாமி. அரிசி வாங்குவார், பாக்கி வைக்க மாட்டார், பேச மாட்டார். மனைவி இறந்து நாலைந்து வருஷம். அக்கா மேக்னெட்டோவை ஒரு துவாலையில் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்குள் வந்து அவர் முன்னால் வைத்தாள். உங்கள் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மேல்தட்டில் இதற்கு ஓர் இடம் கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

அவர் அதைத் தூக்கிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். தேயிலைக்காரர்கள் எதையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார்கள்.

"எத்தனை நாளைக்குங்க?"

"காயுற வரைக்கும்."

அடுத்த வாரம் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் சுடச்சுட தேயிலை மணம். பாஸ் அதைப் பூட்டினார். இரண்டாவது சுற்றிலேயே வண்டி தும்மியது, நாலாவது சுற்றில் கர்ஜித்தது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கோழிகள் அடுத்த வீட்டுக்கு ஓடின. கந்தசாமி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கு முன்பல் ஒன்று இல்லை என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் அப்பாவிடம் பெண் கேட்டார். அவள் வாய் பேசுவாளே என்று அப்பா பயந்துபோய்ச் சொன்னார். எங்கள் ஸ்டோர் மெஷின் சத்தத்தில் நான் இருபது வருஷம் இருந்தவன் என்றார் அவர்.

மண்சட்டி வைத்தியம்

இன்னொன்று மிச்சமிருந்தது. ரேடியேட்டர் ஒழுகியது. மூக்கில் தண்ணீர் நிற்கிற அந்தத் தகரக் கூட்டை ஈயம் வைத்துப் பற்ற வேண்டும் என்றார் பாஸ். அதற்கு ஐந்து ரூபாய் கேட்டார்கள். கல்யாணச் செலவு நேரம். அப்பா யோசித்தார்.

அம்மா யோசிக்கவில்லை. புதிதாக வாங்கிய மண்சட்டி கசிந்தால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? குரக்கன், அதாவது கேழ்வரகு, மாவைக் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுவோம். மாவு போய்க் கண்ணை அடைத்துக்கொள்ளும், சட்டி பழகிவிடும். அதையே இதற்கும் செய்தார். ஒரு சுண்டு அளவு மாவு. அப்பா பார்க்காத நேரத்தில் மேலே இன்னொரு கைப்பிடி.

ஒழுக்கு நின்றுவிட்டது. மல்லியப்பூச் சந்தி வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தோம். ஒரு சொட்டு இல்லை. பாஸ் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மட்டும் மனசு அடங்கவில்லை. சட்டி அடுப்பில் நிற்கிறது, வண்டி மலை ஏறப் போகிறதே என்றேன். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று அம்மா வாயை அடைத்துவிட்டார்.

மடக்கிய குடை

அக்காவின் பிடிவாதத்துக்குக் காரணம் வண்டி இல்லை. அது ரொம்பப் பழைய விஷயம்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா அந்தத் தோட்டத்துக்குப் பாக்கி கேட்கப் போனார். மாட்டு வண்டியில் அக்காவையும் கூட்டிப் போனார். நல்ல மழை. கேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அப்பா இறங்கினார். இறங்கியதும் கையிலிருந்த குடையை மடக்கினார். அந்த மழையில், மடக்கிய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களாவைத் தாண்டி நடந்தார். பங்களாவில் அன்றைக்கு யாருமே இல்லை. துரை கொழும்புக்குப் போயிருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும்.

இதை அக்கா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள், கூரைத்துணி தைத்துக்கொண்டிருக்கும்போது. சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் அப்பா கெஞ்சினார். நாலு எட்டு நடந்தால் போதும், அப்புறம் ஏறிக்கொள்ளலாம், மாப்பிள்ளை சோற்றில் மண்ணைப் போடாதே என்றார். அக்கா என்னைக் கூப்பிட்டாள். நீ போய் அவரையே கேட்டு வா என்றாள். இறங்க மாட்டேன் என்று சொல்கிற பெண் அவருக்குச் சம்மதமா, இப்போதே சொல்லிவிடட்டும்.

நான் றொசல்லவுக்கு ரயிலேறிப் போய்க் கேட்டேன். மச்சான் ஒரு தட்டுத் தூளை விரலால் கிளறிக்கொண்டே இருந்தார். அவருக்கும் பயம்தான். எனக்குப் பயந்த முகம் தெரியும்.

"வேல போனா போவுது. கொழுந்து காயவைக்கிற சூடு எல்லாத் தோட்டத்துலயும் இருக்கு. எறங்க வேணாம்னு சொல்லுங்க."

கேட் திறந்தது

இப்போது பாஸின் கைக்கு வருகிறேன்.

அவர் ஹார்னை அமுக்கினார். இரண்டு குட்டைச் சத்தம், ஒரு நீளம். நாய்க்காரத் துரை அப்படித்தான் அடிப்பார். பாஸ் வேண்டுமென்றே அடித்தாரா, பழைய ஞாபகத்தில் அடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் காவல்காரர் பெருமாள் சாக்கை முக்காடாகப் போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தார். சாக்கை இழுத்து எறிந்தார். எங்களைப் பார்க்கவேயில்லை. கண் தரையில், கை தாழ்ப்பாளில். கேட்டை விரியத் திறந்துவிட்டுக் கும்பிட்டு நின்றார். வண்டி அவரைத் தாண்டும்போதுதான் தலையைத் தூக்கினார். மாலையும் கழுத்துமாக அக்கா. பெருமாளின் வாய் திறந்தபடியே நின்றது.

முதல் வளைவில் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுப் பெண்கள் கூட்டமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சத்தம் தெரியும். மொத்தப் பேரும் பாதையை விட்டு ஓரத்தில் மழைநீர் ஓடுகிற கானில் இறங்கினார்கள். முழங்கால் வரை தண்ணீர். கூடையோடு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

அக்கா என் கையைத் தட்டினாள்.

"கான்ல நிக்கவேணாம்னு சொல்லுடா."

நான் கூரைக் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பங்களா தெரிய ஆரம்பித்துவிட்டது. அதற்குள் கானில் நின்ற ராமாயி என்கிற வயதான அம்மாள் நிமிர்ந்து பார்த்துவிட்டார். எங்கள் கடையில் புகையிலை வாங்குகிறவர்.

"அடியே, இது நம்ம கடக்காரரு மகடி. டீ மேக்கரு பொண்டாட்டி. இவளுக்கா கான்ல எறங்குனோம்?"

முதலில் அவர் ஏறினார். பிறகு ஒவ்வொருவராக ஏறினார்கள். சேலையைப் பிழிந்துகொண்டு, சிரித்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே வந்தார்கள். பங்களா வளைவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் அவர்கள் தங்கள் லயத்து வீடுகளுக்குப் போவதாக இல்லை.

பூப்பாத்தி

அந்த இரண்டாவது வளைவுதான் பாதையிலேயே செங்குத்தான இடம். பங்களா வராந்தாவுக்கு நேர் எதிரே. வளைவுக்குக் கீழே துரையின் பூப்பாத்தி. நுவரெலியா மலர்க் கண்காட்சிக்கு அவர் வளர்க்கிற பூக்கள், சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒவ்வொன்றும்.

அங்கே வந்ததும் வண்டியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பொலக், பொலக். சோற்றுப்பானை கொதிக்கிற சத்தம். மூடி பறந்தது. ஆவியோடு பழுப்பு நிறத்தில் எதுவோ பொங்கி வழிந்தது. மலைக்காற்றில் குரக்கன் கூழ் மணம்.

வண்டி நின்றது.

பாஸ் பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டியவர் அவர். பிரேக்கை விட முடியாதவரும் அவர். அக்கா எழுந்தாள். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு இருக்கைக்கும் நடுவால் முன்னால் தாண்டினாள். பாஸ் இறங்க, அவர் இடத்தில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்தாள். கால் தரையில் படவில்லை.

மச்சான் எழுந்து அவளைப் பார்த்தார். அவள் சொன்னாள்.

"நீங்க எறங்கித் தள்ளுங்க. தள்ளுறது வேற, எறங்கி நடக்குறது வேற."

அப்பா, அம்மா, மச்சான், நான், எல்லோரும் தரையில். வராந்தாவில் துரை வந்து நின்றார். புதிய துரை, இளம் வயது, கையில் தேத்தண்ணீர்க் கோப்பை. பின்னால் சமையல் அப்பு. அப்பாவின் கை தானாகவே தலைப்பாகைக்குப் போனது. அதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். கை பாதி வழியில் நின்றுவிட்டது.

துரை படியிறங்கி வந்தார். தோட்டத்துத் தமிழில் சத்தம் போட்டார். இது யார் வண்டி, கேட்டை யார் திறந்தது, சட்டம் தெரியாதா. கடைசியில் அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"அந்தப் பொம்பளை. கீழே இறங்கு."

எனக்குப் பின்னால் நின்ற பெண்களின் கூடைகூட அசையவில்லை. மச்சான் ஒரு அடி முன்னால் வைத்தார். அக்கா அவருக்கு முன்பே பேசிவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. கடையில் சில்லறை இல்லை என்று சொல்கிற குரல்.

"எறங்குறேங்க. பிரேக்க யாரு புடிக்கிறது? நான் கைய விட்டா வண்டி நேரா ஒங்க பூப்பாத்தியிலதான் போய்ப் படுக்கும்."

துரை வண்டியைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். பூக்களைப் பார்த்தார். கோப்பை கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு அப்புவிடம் திரும்பித் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அப்பு ஒரு வாளி நிறையத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். பாஸ் ரேடியேட்டரின் அடியில் இருந்த குழாயைத் திறந்துவிட்டார். கூழ் கட்டி கட்டியாகப் பாதையில் விழுந்தது. ராமாயி எட்டிப் பார்த்தார்.

"உப்புப் போட்டீங்களா?"

யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். அப்புறம் அடக்க முடியவில்லை. துரைக்கு முன்னால் அந்தத் தோட்டத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. அம்மா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

தண்ணீர் ஊற்றினார்கள். பாஸ் கைப்பிடியைச் சுற்றினார். வண்டி கர்ஜித்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு எல்லோரும் பின்னால் கை கொடுத்தார்கள். பாஸ் தாவிப் படிப்பலகையில் ஏறி, வெளியிலிருந்தே கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். அக்கா பிரேக்கை விட்டாள்.

வண்டி பங்களாவைத் தாண்டியது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். அப்பா பின்னால் நடந்து வந்தார். தலைப்பாகை தலையில் இருந்தது. மழையே இல்லாத அந்த நேரத்தில் அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீருக்கும் பாதைக்கும்

மறுநாள் காலையில் பில் வந்தது. தோட்டப் பாதை உபயோகித்ததற்கு ஐந்து ரூபாய். ஒரு வாளித் தண்ணீர் இருபத்தைந்து சதம், அதாவது கால் ரூபாய்.

மச்சானை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். சம்பளத்தில் வெட்டிக்கொள்வதாகத் துரை சொன்னார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு, பயத்தோடு, ஆனால் தடுமாறாமல் பதில் சொன்னார். வண்டி மாமனார் என் சம்சாரத்துக்குச் சீராகக் கொடுத்தது. பில் அவள் பேருக்குத்தான் வர வேண்டும். அவள் தோட்டத்தில் வேலை செய்யவில்லை, எந்தச் சம்பளத்தில் வெட்டுவீர்கள்? பக்கத்தில் நின்ற, வேலைகளை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா சிரிப்பை அடக்க வெளியே போய் இருமினாராம்.

கொழுந்து மும்முரமாக வருகிற காலம். டீ மேக்கரை அப்போது அனுப்ப முடியாது. மாதா மாதம் அந்தப் பில் மட்டும் வரும். அக்கா அதில் தூள் பொட்டலம் கட்டி எங்கள் வீட்டுக்கு அனுப்புவாள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருநாள் ஐந்து ரூபாய் நோட்டோடு ரயிலேறி அங்கே போனேன். கட்டித் தொலைத்துவிடலாம் அக்கா, வேலை போய்விடப் போகிறது என்றேன். அவள் நோட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இந்த ரோட்ட வெட்டுனவங்களோட பேத்திங்க கான்ல நிக்கிறாளுக. ரோட்டுக்குக் காசு என்கிட்ட கேக்குறாரு. போய்க் கடயப் பாருடா."

அந்த நோட்டைக் கொடுத்து ரேடியேட்டருக்கு ஈயம் வைத்தாள். தண்ணீர்க் காசை மட்டும் தீபாவளியன்று கொடுத்துவிட்டாள். துரைக்கு இல்லை. வாளி தூக்கி வந்த அப்புவின் கையில்.

அந்த வருஷக் கடைசியில் மச்சானுக்கு நோட்டீஸ் வந்தது. தேயிலை விலை சரியில்லை என்று காரணம் போட்டிருந்தார்கள். நான் பயந்தது நடந்தது. ஆனால் பூண்டுலோயாப் பக்கம் ஒரு ஸ்டோரில் அதே சூட்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சட்டி பானை, கட்டில், கோழிக்கூடு எல்லாவற்றையும் அந்த வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு இறங்கினார்கள். பங்களா வளைவில் பாஸ் இரண்டு குட்டை, ஒரு நீளம் அடித்தார். கானில் யாரும் இறங்கவில்லை. பெருமாள் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, சாக்கு முக்காட்டை எடுக்காமலே நின்றார்.

அதற்கும் ஒரு பில் தபாலில் பூண்டுலோயா போய்ச் சேர்ந்தது. இன்னொரு ஐந்து ரூபாய்.

வண்டி பிற்பாடு யார் யாரிடமோ போயிற்று. ஹார்ன் மட்டும் அக்கா வீட்டுச் சுவரில் இருக்கிறது. சமீபத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது எனக்குப் பழைய கவலை வந்துவிட்டது. கணக்குப் புத்தகங்களும் கூடவே போயிருக்குமே, வட்டியோடு கேட்பார்களோ என்று அக்காவுக்கு எழுதினேன். அவளுக்கு எழுத வராது, பேரப்பிள்ளையை விட்டு ஒரே வரி எழுதச் சொல்லியிருந்தாள்.

"வந்து கேக்கச் சொல்லு."

ஆகவே சம்பந்தப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். தண்ணீர்க் கணக்கு தீர்ந்துவிட்டது. ஏறியதற்கு ஐந்து, இறங்கியதற்கு ஐந்து. பாதைக்கு நாங்கள் கொடுக்காத பாக்கி, பத்து ரூபாய்.